வட்டத்தின் விளிம்பில் பிசிறு எங்கிருந்து வருகிறது?

வீடியோவில் வட்டத்தின் விளிம்பு பிசிறாகத் தெரிகிறது என்று யாரிடம் சொன்னாலும், கேட்ட மாத்திரத்தில் ஒரே பதில்தான் வரும்: ‘ஃபெதரைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்.’ கூட்டினால் பல நேரம் பிசிறு மறைந்தும் போகும். அதனால்தான் விளிம்பை மென்மையாக்கும் அந்த ஸ்லைடருக்கு இவ்வளவு நல்ல பெயர். எனக்கு அதன்மேல் அத்தனை மரியாதை இல்லை. பாட வீடியோக்களைத் தொகுப்பது என் தொழில். திரையின் மூலையில் வட்டத்துக்குள் பேசும் ஆசிரியரின் முகம், வட்ட லோகோ, மீதமுள்ள நேரத்தைக் காட்டும் வளையம், படத்தில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட அதைச் சுற்றி வரையும் சிவப்பு வட்டம் என்று நாள் முழுக்க வட்டங்களோடுதான் மல்லுக்கட்டு. ஒவ்வொன்றும் பிசிறடிப்பதற்கான காரணம் வேறு. மாஸ்க்கில், அதாவது படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்ட வரையும் எல்லையில், பிறந்த பிசிறுக்குச் செய்யும் வைத்தியம், வேலை முடிந்து வீடியோவைக் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் பிறந்த பிசிறுக்குப் பலிக்காது. ஆகவே எங்கே பிறந்தது என்று பார்ப்பதை முதல் வேலையாகவும், ஸ்லைடரைத் தொடுவதைக் கடைசி வேலையாகவும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிசிறு உருவாகும் விதத்தை ஒரு தரம் பிக்சல் கணக்கில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. 200 பிக்சல் விட்டமுள்ள வெள்ளை வட்டம் ஒன்றைக் கறுப்புப் பின்னணியில் வரைவதாக வைத்துக்கொள்வோம். பிக்சலின் மையம் வட்டத்துக்குள் இருந்தால் வெள்ளை, வெளியே இருந்தால் கறுப்பு, நடுவே வேறு நிறம் கிடையாது என்பது விதி. அப்படி வரைந்தால் வட்டத்தின் உச்சி வரிசையில் 20 பிக்சல்கள் வெள்ளையாகும். வளைவு தொடங்க வேண்டிய இடத்தில் 20 பிக்சல் நீளத்துக்கு ஒரு தட்டைக் கோடு. அடுத்த வரிசையில் 34, அதற்கடுத்து 44, பிறகு 52. உச்சியிலிருந்து இறங்க இறங்க, ஒரு பக்கத்துப் படியின் அகலம் 7, 5, 4 என்று குறைந்துகொண்டே வந்து, 45 பாகையை எட்டும்போது ஒன்றுக்கு ஒன்று என்றாகிவிடுகிறது. ஒரு பிக்சல் படி கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஏழு பிக்சல் படி தெரியும். வட்டத்தின் பிசிறு எல்லா இடத்திலும் ஒரேபோல் இல்லாமல் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு முனைகளை ஒட்டியே கண்ணை உறுத்துவது இதனால்தான். வட்டத்தைப் பெரிதாக்கினால் தீரும் என்று நினைக்க வேண்டாம். 1080 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தில் அந்த உச்சிக் கோட்டின் நீளம் 46 பிக்சல்.

கணினி வரைகலை ஆய்வாளர் ஃபிராங்க் குரோ 1977-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தச் சிக்கலை விரிவாக அலசியது. இன்று நாம் பயன்படுத்தும் தீர்வின் சாரம் இதுதான்: வட்டம் ஒரு பிக்சலில் கால்பாகத்தை மூடினால் அந்தப் பிக்சலுக்குக் கால்பங்கு நிறம், பாதியை மூடினால் பாதி நிறம். ஒரு பிக்சல் எவ்வளவு மூடியது என்று குறிக்கும் எண்ணுக்கு ஆல்ஃபா என்று பெயர். 8 பிட் ஆல்ஃபாவில் இதற்கு 256 நிலைகள் உண்டு. ஆன்டி-அலியாசிங் என்று சொல்வது இதைத்தான். இப்படி உருவாகும் இடைநிலைப் பிக்சல்களின் பட்டை ஏறக்குறைய ஒரு பிக்சல் அகலம்தான் என்றாலும், கண் அதை வழவழப்பான வளைவாகவே ஏற்றுக்கொள்கிறது. இன்றைய எடிட்டிங் மென்பொருள்களில் ஷேப் லேயராக (மென்பொருளே கணக்கிட்டு வரையும் வடிவமாக) வரையும் வட்டம் இயல்பாகவே இப்படித்தான் ரெண்டர் ஆகும். அதையும் மீறிப் பிசிறு தெரிந்தால், அந்த இடைநிலைப் பிக்சல்கள் உருவாகவே இல்லை, அல்லது உருவான பிறகு வழியில் எங்கோ அழிந்திருக்கின்றன.

அழிந்த இடத்தைத் தேடுமுன் ப்ரிவியூவை விசாரிக்க வேண்டும். பல நேரம் வீடியோவில் குறையே இருக்காது. பார்க்கும் ஜன்னலில்தான் இருக்கும். அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் புரோகிராம் மானிட்டருக்குக் கீழே பிளேபேக் ரெசல்யூஷன் 1/2 அல்லது 1/4 என்று இருக்கலாம். அசையும் வரைகலைக்கான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கம்போசிஷன் பேனலில் ஹாஃப், குவார்ட்டர் என்று இருக்கலாம். கால் தெளிவில் ஒவ்வொரு பிக்சலும் நீள அகலத்தில் நான்கு மடங்காகி, விளிம்பு பல்லிளிக்கும். பார்வை அளவு ‘ஃபிட்’ என்று இருந்தால், ஜன்னலுக்கு ஏற்ற ஏதோ ஒரு பின்ன அளவுக்குப் படம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை மென்பொருள் வேகம் கருதி மேலோட்டமாகவே செய்யும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இன்னொரு பொறியும் உண்டு. ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பக்கத்திலும் தரத்தைக் குறிக்கும் ஒரு சிறு சாய்கோடு இருக்கிறது. அது டிராஃப்ட் நிலையில் இருந்தால் ஆன்டி-அலியாசிங் கிடையாது. பெஸ்ட் நிலையில் உண்டு. பழைய புராஜெக்டிலிருந்து ஒரு லேயரை நகலெடுத்து ஒட்டினால், டிராஃப்ட் நிலையும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்க நான் கையாளும் வழி எளிது. முழுத் தெளிவில் ஒரே ஒரு ஃபிரேமை பிஎன்ஜி படமாக எக்ஸ்போர்ட் செய்து, பட எடிட்டிங் மென்பொருளில் திறந்து, வட்டத்தின் உச்சியை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே பலவிதச் சாம்பல் பிக்சல்கள் அணிவகுத்து நின்றால் வட்டம் நலம். குறை ப்ரிவியூவிலோ எக்ஸ்போர்ட்டிலோ இருக்கிறது. வெள்ளையும் கறுப்பும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் குறை டைம்லைனுக்குள்ளேயே, அதாவது கிளிப்புகளை அடுக்கித் தொகுக்கும் இடத்திலேயே, இருக்கிறது. இந்த ஒரு சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

டைம்லைனுக்குள் என்றால் முதலில் மாஸ்க். பேனா கருவியால் புள்ளி புள்ளியாக வைத்து வட்டம் வரையும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். எலிப்ஸ் கருவியை எடுத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி இழுத்தால் நான்கே புள்ளிகளில் வட்டம் வந்துவிடும். நான்கு புள்ளிகள் போதாது, எட்டு வைத்தால்தான் வட்டம் வட்டமாக இருக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வீண் கவலை. புள்ளிகளிலிருந்து நீளும் கைப்பிடிகளால் வளைக்கும் பெசியர் வளைவுகள் நான்கால் ஆன வட்டம் கணிதப்படி உண்மையான வட்டம் இல்லைதான். ஆனால் கைப்பிடிகளின் நீளம் ஆரத்தில் 0.5523 பங்காக இருக்கும்போது, ஆரத்தில் வரும் பிழை 0.03 சதவீதத்துக்கும் குறைவு. 540 பிக்சல் ஆரமுள்ள வட்டத்தில் அது ஒரு பிக்சலில் ஆறில் ஒரு பங்குகூட வராது. வளைவு நெளிந்து தெரிகிறது என்றால், யாரோ ஒரு கைப்பிடியைத் தெரியாமல் இழுத்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதைத் திருத்திக்கொண்டிருக்காமல் அழித்துவிட்டுப் புதிதாக வரைவதே மேல்.

இனி ஃபெதர். விளிம்பைச் சுற்றி ஆல்ஃபா மதிப்பைப் படிப்படியாகக் குறைப்பது அதன் வேலை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அது விளிம்புக்கு உள்ளே பாதியும் வெளியே பாதியுமாகப் பரவும். 1080 வரி வீடியோவில் திரையில் தெரிய வேண்டிய அளவு ஒன்று அல்லது இரண்டு பிக்சல்தான். அதைத் தாண்டினால் விளிம்பு மங்கலாகும். பத்தைத் தொட்டால் முகம் மூடுபனிக்குள் மிதக்கும். பிரீமியர் புரோவில் மாஸ்க் வரைந்த உடனே ஃபெதர் 10 என்று வந்து நிற்கும். அதை அப்படியே விட்டுவிட்ட வீடியோக்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். வேறு சில மென்பொருள்களில் அந்த எண் பிக்சலாக இருக்காது, 0 முதல் 100 வரையிலான ஓர் அளவாக இருக்கும். ஆகவே ஒருவர் சொன்ன எண்ணை இன்னொரு மென்பொருளில் அப்படியே போட்டுப் பயனில்லை.

எண்ணைவிட முக்கியமானது வரிசை. முகம் பேசும் கிளிப்பில் மாஸ்க்கை வரைந்துவிட்டு, பிறகு கிளிப்பை 25 சதவீதமாகச் சுருக்கி மூலையில் வைப்பதுதான் வழக்கம். மாஸ்க் முதலில் வேலை செய்கிறது, ஸ்கேல் பிறகுதான் வருகிறது. ஆகவே மாஸ்க்கில் வைத்த 2 பிக்சல் ஃபெதர் திரைக்கு வரும்போது அரைப் பிக்சலாகிவிடும். திரையில் 2 பிக்சல் வேண்டுமென்றால் மாஸ்க்கில் 8 வைக்க வேண்டும். ‘நான் ஃபெதர் வைத்தேன், ஒன்றுமே மாறவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அதேபோல 1080 வரி கிளிப்பில் 1080 பிக்சல் விட்டத்துக்கே வட்டம் போட்டால், மேலும் கீழும் ஃபெதர் வெளியே பரவ இடமில்லாமல் கிளிப்பின் எல்லையில் வெட்டுப்படும். வட்டத்தின் தலையையும் அடியையும் கத்தியால் சீவியதுபோல் ஆகிவிடும். விட்டத்தை 1040 அளவுக்குக் குறைத்து, நான்கு பக்கமும் மூச்சுவிட இடம் கொடுத்தால் சரியாகிவிடும்.

லோகோ வேறு விதமான தலைவலி. ஒரு நிறுவனத்தின் வட்ட லோகோவை ஒருமுறை எனக்கு ஜிஃப் கோப்பாக அனுப்பிவைத்தார்கள். ஜிஃப் வடிவத்தில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும். பாதி ஒளிபுகும் பிக்சலுக்கு அங்கே இடமே இல்லை. மேலே சொன்ன 20 பிக்சல் தட்டைக் கோடு அப்படியே கண்முன் நின்றது. வேறு கோப்பு கேட்டதும் வெள்ளைப் பின்னணியில் ஒரு ஜேபெக் வந்தது. அதில் ஆல்ஃபாவே கிடையாது. வெள்ளையை மட்டும் நீக்கினால், விளிம்பில் லோகோவின் நிறமும் வெள்ளையும் கலந்த பிக்சல்கள் அப்படியே தங்கி, கருநீலப் பின்னணியில் வெள்ளைச் சரிகை கட்டியதுபோல் தெரிந்தன. இங்கே ஃபெதர் கூட்டினால் சரிகை அகலமாகுமே தவிரப் போகாது. வட்டமான லோகோ என்றால் தப்பிக்க நல்ல வழி ஒன்று உண்டு: ஜேபெக்கின் மேல் ஒரு எலிப்ஸ் மாஸ்க்கை விளிம்பிலிருந்து ஓரிரு பிக்சல் உள்ளே தள்ளி வரைந்துவிடலாம். கலந்த பிக்சல்கள் மாஸ்க்குக்கு வெளியே போய்விடும். புதிய விளிம்பு சுத்தமாக இருக்கும். அன்று நான் செய்தது அதுதான். லோகோ இரண்டு பிக்சல் இளைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளைச் சரிகைக்குப் பதில் மெல்லிய கரிய கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஆல்ஃபாவைத் தவறாகப் புரிந்துகொண்டதன் விளைவு. கணினி வரைகலை ஆய்வாளர்கள் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-இல் படங்களை அடுக்கும் கணிதத்தை வகுத்தபோது, நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைப்பதைப் பரிந்துரைத்தார்கள். அப்படிப் பெருக்கிய படம் பிரீமல்டிப்ளைடு, பெருக்காதது ஸ்ட்ரெய்ட். பெருக்கிய படத்தை மென்பொருள் பெருக்காதது என்று எடுத்துக்கொண்டால் இரண்டாம் முறையும் பெருக்கும், விளிம்பு கறுத்துவிடும். கோப்பின் மேல் வலது சொடுக்கி ‘இன்டர்பிரட் ஃபுட்டேஜ்’ பகுதியில் இதை மாற்றலாம். பிஎன்ஜி வடிவத்தின் விதிப்படி அதில் ஸ்ட்ரெய்ட் ஆல்ஃபாதான். ஆல்ஃபாவோடு வரும் புரோரெஸ் 4444 போன்ற வீடியோ கோப்புகளில் அதைத் தயாரித்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது.

அளவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 200 பிக்சல் பிஎன்ஜியை 500 சதவீதம் பெரிதாக்கினால் அதன் ஒரு பிக்சல் விளிம்பு ஐந்து பிக்சலாக விரியும். அதற்கு மருந்தில்லை. வெக்டர் கோப்பு (பிக்சலாக அல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமித்தது) இருந்தால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘கன்டினியுவஸ்லி ராஸ்டரைஸ்’ என்ற சிறு சூரியக் குறியைப் போட்டுவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு புதிதாக வரையப்படும். பிரீமியர் புரோவில், இல்லஸ்ட்ரேட்டரில் செய்த வெக்டர் கோப்பு உள்ளே வரும்போதே பிக்சலாகிவிடுவதால் அங்கே அந்தச் சலுகை இல்லை. அதிகமாகச் சுருக்குவதிலும் ஆபத்து உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 4000 பிக்சல் லோகோவை 100 பிக்சலாகக் குறைக்கும்போது, மென்பொருள் பைலீனியர் முறையில் பக்கத்துக்குப் பக்கம் உள்ள நான்கு பிக்சல்களை மட்டும் பார்த்தால், நடுவில் இருப்பவற்றையெல்லாம் தாண்டிக் குதித்துவிடும். பிசிறு திரும்பி வரும். வேண்டிய அளவைப்போல் இரு மடங்கு அளவில் ஒரு பிஎன்ஜி செய்துகொள்வதே என் வழக்கம்.

அடுத்த சங்கதியைத் தற்செயலாகத்தான் கவனித்தேன். ஒரு கறுப்பு வட்டத்தின் மேல் சரியாக அதே அளவில் ஒரு வெள்ளை வட்டத்தை வைத்தால் கறுப்பு முழுவதும் மறைந்துவிட வேண்டுமல்லவா? மறைவதில்லை. விளிம்புப் பிக்சலில் கறுப்பு வட்டம் பாதி மூடுகிறது, பின்னணி பாதியாகிறது. அதன்மேல் வெள்ளை வட்டமும் பாதி மூடுகிறது. கடைசியில் அந்தப் பிக்சலில் பாதி வெள்ளை, கால்பங்கு கறுப்பு, கால்பங்கு பின்னணி. அந்தக் கால்பங்கு கறுப்புதான் அழுக்கு வளையமாகத் தெரிகிறது. முகத்தை வட்டமாக வெட்டி, அதே அளவில் ஒரு நிற வட்டத்தைப் பின்னால் வைக்கும் ஒவ்வொருவரும் இதில் மாட்டுவார்கள். பின்னால் இருக்கும் வட்டத்தை ஓரிரு பிக்சல் சிறிதாக்குங்கள், அல்லது முகத்தின் விளிம்பை மூடும்படி மேலே ஒரு வளையம் போடுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: 4 பிக்சல் தடிமனுள்ள வளையம், அதில் பாதி முகத்தின் மேலும் பாதி வெளியேயும் நிற்கும்படி. மாஸ்க்கின் விளிம்பு எப்படி இருந்தாலும் பார்வையாளர் காண்பது ஷேப் லேயரின் சுத்தமான விளிம்பைத்தான்.

இதுவரை சொன்னவை எல்லாம் டைம்லைனுக்குள் நடப்பவை. டைம்லைனில் வழவழவென்று இருந்த வட்டம் எக்ஸ்போர்ட் ஆனதும் பிசிறடிப்பதுதான் மிகவும் எரிச்சலூட்டுவது. என் அனுபவத்தில் அதற்குப் பெரும்பாலும், ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் தகவல் அளவான பிட்ரேட்மேல்தான் பழி விழும். உண்மைக் காரணம் பல நேரம் நிறமாகத்தான் இருக்கும்.

எச்.264 என்ற சுருக்க முறையில் பார்வையாளர்களுக்குப் போகும் வீடியோ பெரும்பாலும் 4:2:0 என்ற நிறப் பதிவு முறையில் இருக்கும். இதில் ஒளியளவு 1920×1080 பிக்சலுக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது. நிறமோ 960×540 அளவில் மட்டுமே. நான்கு பிக்சல்களுக்கு ஒரே நிறத் தகவல். இயற்கைக் காட்சிகளில் இதைக் கண் கண்டுகொள்வதில்லை. கறுப்புப் பின்னணியில் சுத்தமான சிவப்பு வட்டம் என்றால் கண்டுகொள்ளும். ஏனென்றால் எச்டி வீடியோவுக்கான ரெக்.709 அளவுகோலில் ஒளியளவுக்குச் சிவப்பின் பங்கு 0.2126, பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722. முழுச் சிவப்பும்கூட வெள்ளையின் ஒளியளவில் ஏறக்குறைய 21 சதவீதம்தான். ஆகவே சிவப்பு வட்டத்தின் விளிம்பைச் சுமப்பது பெரும்பாலும் அந்தப் பாதித் தெளிவு நிறத் தகவல். நீங்கள் அருமையாகச் செய்துவைத்த ஆன்டி-அலியாசிங்கை அது இரண்டிரண்டு பிக்சல் கட்டங்களாகத் தின்றுவிடுகிறது. நீல வட்டம் இன்னும் மோசம்: ஒளியளவு 7 சதவீதம்தான். மஞ்சள் வட்டத்துக்கு 93 சதவீதம். அதே கறுப்பின் மேல் அது வழவழவென்று நிற்கும். பின்னணியை வெள்ளையாக்கினால் கணக்கு தலைகீழாகும்: சிவப்பு நன்றாக இருக்கும், மஞ்சள் பல்லிளிக்கும்.

இது தெரிந்தபின் சுட்டிக்காட்டும் வட்டங்களுக்கு நிறம் தேர்ந்தெடுக்கும் விதமே மாறிவிட்டது. பின்னணி இருட்டாக இருந்தால் மஞ்சளோ வெளிர் ஆரஞ்சோ எடுக்கிறேன். சிவப்புதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, சிவப்பின் வெளி ஓரத்தில் 2 பிக்சலுக்கு ஒரு வெள்ளைக் கோடு சேர்த்துவிடுகிறேன். ஒளியளவில் கூர்மையான எல்லை கிடைத்துவிடுவதால் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. பின்னணியையும் சிவப்பையும் மாற்றவே முடியாத இடங்களில் 3840×2160 அளவில் எக்ஸ்போர்ட் செய்கிறேன். அப்போது நிறத் தகவல் 1920×1080 அளவில் இருக்கும். 1080 வரித் திரையில் பார்க்கும்போது திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறம் கிடைத்துவிடுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறம் பதியும் 4:4:4 முறையில் எச்.264 கோப்பு செய்யவும் முடியும்தான். ஆனால் பல கருவிகளில் அது ஓடாது. ஓடாத கோப்பில் விளிம்பு எவ்வளவு அழகாக இருந்து என்ன?

பிட்ரேட்டையும் அடியோடு விடுவிக்க முடியாது. எச்.264 படத்தை 16×16 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, அதற்குள் சிறு கட்டங்களாகச் சுருக்குகிறது. பிட்ரேட் போதாதபோது கூர்மையான விளிம்பைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போன்ற இரைச்சல் தோன்றும். அடையாளம் காண ஒரு வழி: இது ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறித் துடிக்கும், நிறத்தால் வரும் பிசிறு அசையாமல் அப்படியே நிற்கும். துடித்தால் பிட்ரேட்டைக் கூட்டுங்கள். நின்றால் நிறத்தை மாற்றுங்கள்.

வெள்ளை வட்டம் கறுப்பின் மேல் கொஞ்சம் இளைத்தும், விளிம்பு கூராகவும் தெரிவதற்கு இன்னொரு நுட்பமான காரணம் உண்டு. பாதி மூடிய பிக்சலுக்கு மென்பொருள் 255-இல் 128 என்ற மதிப்பைக் கொடுக்கிறது. திரை அந்த எண்ணைப் பாதி ஒளியாகக் காட்டுவதில்லை. எண்ணை ஒளியாக மாற்றும் எஸ்ஆர்ஜிபி வளைவின்படி சுமார் 22 சதவீத ஒளியே வருகிறது. ஆகவே பாதி மூடிய பிக்சல், ஒளியின் கணக்கில் கால்பங்குகூட மூடாத பிக்சல்போலத்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் புராஜெக்ட் அமைப்பில் ‘பிளெண்ட் கலர்ஸ் யூசிங் 1.0 காமா’ என்பதைத் தேர்ந்தால் கலப்பு ஒளியின் கணக்கில் நடக்கும். ஆனால் பாதி ஒளிபுகும் மற்ற எல்லா லேயர்களின் தோற்றமும் அதனால் மாறும் என்பதால், வேலை பாதியில் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள். புராஜெக்டின் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது.

வட்டம் முட்டைபோல் நீண்டு தெரிந்தால் அது விளிம்புப் பிரச்சினையே இல்லை, பிக்சல் விகிதம். 1440×1080 எச்டிவி (HDV) வீடியோவில் ஒரு பிக்சலின் அகலம் உயரத்தைப்போல் 1.333 மடங்கு. அந்த விகிதத்தைச் சதுரம் என்று அமைத்துவிட்டால் எல்லா வட்டமும் ஒடுங்கும். அதேபோல வட்டத்தின் மேல் முனையும் கீழ் முனையும் மட்டும் மினுங்கினால், ஒற்றை, இரட்டை வரிசைகளை ஃபீல்டு எனப்படும் இரு பாதிகளாக மாற்றி மாற்றிக் காட்டும் இன்டர்லேஸ் அமைப்பைப் பாருங்கள். ஒரே வரிசையில் இருக்கும் பிக்சல்கள் ஒரு ஃபீல்டில் வந்து அடுத்த ஃபீல்டில் மறைவதுதான் அந்த மினுக்கம். எல்லா வரிசைகளையும் ஒன்றாகக் காட்டும் புரோகிரஸிவ் என்று மாற்றினால் நின்றுவிடும்.

மெல்லிய வளையங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு பிக்சல் தடிமனுள்ள வளையத்தின் கோடு பிக்சல் வரிசைகளின் எல்லையில் விழுந்தால், நான்கு முனைகளிலும் அது இரண்டு வரிசைகளில் பாதிப் பாதியாகப் பிரிந்து மங்கும். 45 பாகையில் வேறு மாதிரி தெரியும். வளையம் ஓர் இடத்தில் தடித்தும் ஓர் இடத்தில் மெலிந்தும் காணும். அது மெதுவாக நகரவும் செய்தால் அந்தத் தடிப்பு ஊர்ந்துகொண்டே இருக்கும். தடிமனை இரண்டு பிக்சலுக்குக் கீழே கொண்டுபோகாமல், விட்டத்தை இரட்டைப்படை எண்ணாக வைத்து, மையத்தை முழு எண்ணில் நிறுத்துங்கள். நகரும் வட்டத்துக்கு மோஷன் பிளரை இயக்கிவிட்டால் ஊர்வது பெரும்பாலும் கண்ணில் படாது. வளையத்தின் மேல் ஷார்பன் எஃபெக்ட் இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். இடைநிலைப் பிக்சல்களைக் கறுப்பும் வெள்ளையுமாகப் பிடித்துத் தள்ளுவதுதான் அதன் வேலையே. முழு வீடியோவுக்கும், கீழே உள்ள எல்லா லேயரையும் பாதிக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் ஷார்பன் போடுகிறவர்கள், வட்டங்களை அந்த லேயருக்கு மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

எதற்கும் வழிக்கு வராத வட்டம் என்றால் நான் இரு மடங்கு அளவில் தனியாக ஒரு கம்போசிஷன் திறந்து, அதில் வட்டத்தை வரைந்து, 50 சதவீதமாகச் சுருக்கி முதன்மை டைம்லைனில் வைப்பேன். நான்கு பிக்சல்களின் சராசரி ஒரு பிக்சலாகிறது. சொந்தமாக ஆன்டி-அலியாசிங் செய்யாத எஃபெக்ட்கூட இதில் அடங்கிவிடும். ரெண்டர் நேரம் கூடும். வட்டம் மட்டும் இருக்கும் கம்போசிஷனில் அது பெரிய சுமையாகத் தெரிவதில்லை.

பிசிறு ஏற்கெனவே வீடியோவிலேயே பதிந்துபோய், மூலக் கோப்பும் கையில் இல்லை என்றால் அதை வழவழப்பாக்கப் பார்க்காதீர்கள். விளிம்பு மட்டும் மங்கலாகும், பிசிறின் நிழல் அடியிலேயே இருக்கும். அசையாத வட்டம் என்றால், பழைய விளிம்பை முழுவதும் மறைக்கும் தடிமனில், அதே மையத்தில் ஒரு புதிய வளையத்தை ஷேப் லேயராக வரைந்து மேலே வைத்துவிடுங்கள். அசையும் வட்டம் என்றால் அந்த வளையத்தை, அசைவைப் பின்தொடரும் மோஷன் டிராக்கிங்கோடு இணைக்க வேண்டியிருக்கும். டிராக்கர் ஒரு பிக்சல் தவறினாலும் பழைய விளிம்பு எட்டிப் பார்க்காதபடி தடிமனை இன்னும் இரண்டு பிக்சல் கூட்டிக்கொள்ளுங்கள்.